கப்பல் ஒன்று, கல்வெட்டு வேறு: போர்க்கால வணிகக் கப்பல்களில் மாண்ட கடற்படைப் பீரங்கி வீரர்களும் அவர்தம் நினைவும்

முன்னுரை

லண்டன் டவர் ஹில் பகுதியில், தேம்ஸ் ஆற்றுக்கு அருகே, இரு உலகப் போர்களிலும் கடலோடு போன பிரித்தானிய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் வெண்கலத் தகடுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே பெயர்கள் கப்பல்வாரியாக நிற்கின்றன. முதலில் கப்பலின் பெயர், அடுத்துத் தலைமை மாலுமி, பிறகு அகரவரிசையில் மற்றவர்கள். ஒரு கப்பலின் சமையற்காரரும் கொதிகலனுக்குக் கரி அள்ளியவரும் ஒரே தலைப்பின் கீழ் இருக்கிறார்கள். ஆனால் அதே கப்பலின் பின்தளத்தில் பீரங்கியருகே காவல் நின்று, அதே இரவில் அதே கடலில் மூழ்கிய கடற்படை வீரரின் பெயர் அந்தத் தகட்டில் இல்லை. அவர் பெயரைத் தேடுவோர் சாத்தம், போர்ட்ஸ்மத், பிளிமத் ஆகிய மூன்று கடற்படை நகரங்களில் ஒன்றுக்குப் போக வேண்டும். அங்கே அவர் பெயர் இருக்கும். அவர் மூழ்கிய கப்பலின் பெயர் இருக்காது.

கப்பலில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் நினைவில் எப்படிப் பிரிந்தார்கள் என்பதை 1913 முதல் இன்றுவரை தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இந்தப் பிரிவினையை வெறுப்போ அலட்சியமோ உண்டாக்கவில்லை. பன்னாட்டுக் கடற்சட்டமும் படைத்துறைப் பதிவேட்டு முறையும் சேர்ந்து உண்டாக்கின. சட்டத் தேவை முடிந்த பின்னும் அது கல்லிலும் வெண்கலத்திலும் நிலைத்துவிட்டது. கடலில் மாண்டவர்களின் நினைவுக்குப் படைப்பிரிவை விடக் கப்பலே உரிய அடிப்படை என்பது இக்கட்டுரையின் முடிபு.

வணிகக் கப்பலுக்குப் பீரங்கி வந்த வரலாறு

முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில், எதிரியின் வணிகக் கப்பலைப் பிடிப்பதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட நெறி ஒன்று இருந்தது. கப்பலை நிறுத்தச் சொல்ல வேண்டும், சோதிக்க வேண்டும், மூழ்கடிப்பதானால் அதில் உள்ளோரைப் பாதுகாப்பாக இறக்கிவிட வேண்டும். 1914 செப்டம்பரில் வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை வேட்டையாடிய ஜெர்மானிய எம்டன், சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியதைத் தமிழகம் மறக்கவில்லை. அதே எம்டன், தான் பிடித்த கப்பல்களின் மாலுமிகளை ‘கபிங்கா’ என்ற கப்பலில் ஏற்றி விடுவித்ததும் வரலாறு.

நீர்மூழ்கிக் கப்பல் இந்நெறியை உடைத்தது. மெல்லிய உடலும் குறைந்த ஆட்களும் கொண்ட அது, கடல்மட்டத்துக்கு மேலே வந்து எச்சரிக்கை விடுத்தால் ஒரே குண்டில் அழியக்கூடும். எச்சரிக்காமல் தாக்கினால் சட்டம் மீறப்படும். 1915 பிப்ரவரியில் ஜெர்மனி பிரித்தானியத் தீவுகளைச் சூழ்ந்த கடலைப் போர்ப்பகுதியாக அறிவித்தது. 1917 பிப்ரவரி முதல் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர் தொடங்கியது.

பிரித்தானியக் கடற்படை 1913லேயே வணிகக் கப்பல்களில் பீரங்கி பொருத்தத் தொடங்கியிருந்தது. அதைப் பொருத்திய இடம் கவனிக்கத்தக்கது. பீரங்கி கப்பலின் பின்பகுதியில் நின்றது. துரத்தும் கப்பலுக்கு முன்பக்கத்தில் பீரங்கி வேண்டும்; தப்பி ஓடும் கப்பலுக்குப் பின்பக்கத்தில் இருந்தால் போதும். பின்தளத்துப் பீரங்கி, ‘இது தற்காப்புக்கு மட்டும்’ என்று உலகுக்குச் சொல்லும் அடையாளமாயிற்று. நடுநிலை நாட்டுத் துறைமுகங்களில் போர்க்கப்பல்கள் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் விதி. தற்காப்புக்கு மட்டும் ஆயுதம் தாங்கிய கப்பல் வணிகக் கப்பலே என்று நிறுவினால்தான் அது அங்கே சரக்கு ஏற்றி இறக்க முடியும்.

இந்த வேறுபாடு உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையாக இருந்தது. ‘பிரஸல்ஸ்’ என்ற பயணிகள் கப்பலின் தலைமை மாலுமி சார்ல்ஸ் ஃப்ரையட், 1915 மார்ச்சில் தம்மைத் தாக்க வந்த நீர்மூழ்கியை நோக்கிக் கப்பலைத் திருப்பி மோத முயன்றார். அடுத்த ஆண்டு ஜெர்மானியர் கையில் அவர் சிக்கியபோது, படைவீரர் அல்லாத ஒருவர் போர்ச்செயலில் ஈடுபட்டார் என்று தீர்ப்பளித்து 1916 ஜூலை 27 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஒட்டாகி: விருதுக்காக மாறிய பதிவு

1917 மார்ச் 10 அன்று அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே ‘ஒட்டாகி’ என்ற வணிகக் கப்பல், ஜெர்மானியரின் வேட்டைக் கப்பலான ‘மூவே’யை எதிர்கொண்டது. ஒட்டாகியிடம் பின்தளத்தில் ஒரே ஒரு 4.7 அங்குலப் பீரங்கி. மூவேயிடம் அதனினும் பெரிய பீரங்கிகள் பல. ஆயினும் ஒட்டாகியின் குண்டுகள் மூவேயில் தீயை மூட்டின. இறுதியில் ஒட்டாகி மூழ்கியது; தலைமை மாலுமி ஆர்ச்சிபால்ட் பிசெட் ஸ்மித் கப்பலோடு போனார்.

அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்க முடிவானபோது தடை ஒன்று எழுந்தது. அவ்விருது படையினருக்கானது, ஸ்மித் வணிகக் கப்பல் மாலுமி. எனவே மறைந்த பிறகு அவரைக் கடற்படைச் சேமப் படையில் அதிகாரியாகச் சேர்த்து, 1919இல் விருதை அறிவித்தார்கள். வீரம் ஒன்றுதான், அதைப் பதிவு செய்யும் ஏட்டில் அதற்கு இடம் இல்லாததால் மனிதரின் நிலை மாற்றப்பட்டது. இருந்தும் அவர் பெயர் இன்று டவர் ஹில்லில், ஒட்டாகி என்ற தலைப்பின் கீழ், உடன் மாண்ட மாலுமிகளோடு நிற்கிறது. அவர் படித்த அபர்டீன் நகரின் ராபர்ட் கார்டன்ஸ் பள்ளிக்கு அவர் குடும்பத்தார் ஒட்டாகியின் பெயரில் வழங்கிய கேடயம் ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு அளிக்கப்படுகிறது. குடும்பத்தார் நினைவை நிறுவியதும் கப்பலின் பெயரில்தான்.

1939: பின்தளத்துக்கு வந்த கடற்படை

நீர்மூழ்கிகளும் பழைய நெறியைப் பின்பற்ற வேண்டும் என்று 1936இல் லண்டனில் உடன்பாடு கையெழுத்தானது. 1939 செப்டம்பர் 3 அன்று, போர் அறிவிக்கப்பட்ட அதே நாளில், ‘அத்தீனியா’ என்ற பயணிகள் கப்பல் எச்சரிக்கையின்றி மூழ்கடிக்கப்பட்டது.

பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம் போருக்குச் சற்று முன்பே, தற்காப்பு ஆயுதம் தாங்கிய வணிகக் கப்பல்களுக்கெனத் தனிப் பிரிவை அமைத்திருந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டெம்ஸ்’ என்பார்கள். முந்தைய போரில் கழற்றிக் கிடங்குகளில் அடுக்கிய பழைய பீரங்கிகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். அவற்றில் பல, அவற்றை இயக்க வந்த இளைஞர்களைவிட வயதில் மூத்தவை. பின்தளத்தில் 4 அங்குலப் பீரங்கி. வானத்தைப் பார்த்தபடி 12 பவுண்டர் பீரங்கியும் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளும். பிற்காலத்தில் ஓர்லிகன் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள். இதுவே வழக்கமான அமைப்பு.

தொடக்கத்தில் ஒரு கப்பலுக்கு ஓய்வுபெற்ற கடற்படை வீரர் ஒருவரோ இருவரோ வந்தார்கள். பீரங்கிக் குழுவின் எஞ்சிய இடங்களைச் சில நாள் பயிற்சி பெற்ற வணிக மாலுமிகள் நிரப்பினார்கள். இழப்பு பெருகப் பெருக, போர்க்காலத்துக்கு மட்டும் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் வந்தார்கள். விமானத் தாக்குதலைச் சமாளிக்கத் தரைப்படையும் ஆட்களை அனுப்பியது. அவர்கள் பின்னர் கடல்சார் பீரங்கிப் படையாக உருப்பெற்றார்கள். சுமார் 24,000 கடற்படையினரும் 14,000 தரைப்படையினரும் இப்பணியில் இருந்தார்கள். 1,50,000 வணிக மாலுமிகளுக்குப் பீரங்கிப் பயிற்சி அளிக்கப்பட்டது. கடற்படைப் பீரங்கி வீரர்களில் 2,700க்கும் மேற்பட்டோரும் தரைப்படையினரில் 1,200க்கும் மேற்பட்டோரும் மாண்டார்கள்.

இரு ஏடுகளில் ஒருவர்

டெம்ஸ் வீரரின் வாழ்வு இரட்டைப் பதிவில் நடந்தது. கடற்படை ஏட்டில் அவர் படைவீரர். ஆனால் கப்பலேறும்போது, மற்ற மாலுமிகளைப் போலவே, கப்பல் பணி ஒப்பந்தத்திலும் தளப் பணியாளராகக் கையெழுத்திட்டார். அதற்கெனப் பெயரளவில் ஒரு சிறு தொகையும் உண்டு. நடுநிலைத் துறைமுகத்தில் அதிகாரி ஏடுகளைப் புரட்டினால் இவர் மாலுமி. கரையில் இறங்கும்போது அணிவது சாதாரண உடை. கப்பலில் வணிக மாலுமிகளின் தலைவரே இவருக்கும் தலைவர்.

கடற்படை ஏட்டிலோ அவர் எந்தக் கப்பலில் இருக்கிறார் என்பது முதன்மைச் செய்தியாக இல்லை. சம்பளக் கணக்குக்காக டெம்ஸ் வீரர்கள் பெருமளவில் ‘எச்.எம்.எஸ். பிரெசிடென்ட் 3’ என்ற தலைப்பில் பதிவு செய்யப்பட்டார்கள். அது கரையில் இருந்த நிர்வாகக் கணக்கு. அந்தப் பெயரில் அவர்களைச் சுமந்து சென்ற கப்பல் எதுவும் இல்லை. அட்லாண்டிக்கிலோ இந்தியப் பெருங்கடலிலோ ஏதோ ஒரு சரக்குக் கப்பலில் மாண்டவருக்கு, ஏட்டில் எஞ்சியது அந்தக் கணக்குத் தலைப்பே.

உடனிருந்த வணிக மாலுமியின் நிலை வேறு வகையில் கொடியது. 1941 மே மாதம் வந்த ஆணை நிலைமையை மாற்றும் வரை, கப்பல் மூழ்கிய நாளோடு அவர் ஊதியம் நின்றுபோவது வழக்கம். உயிர்காப்புப் படகில் துடுப்பு வலித்த இருவரில் கடற்படை வீரருக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்; மாலுமிக்கு நின்றிருக்கும். இரட்டைப் பதிவு இருவரையும் வெவ்வேறு விதத்தில் வஞ்சித்தது என்பதை மறக்கலாகாது. மாலுமிக்குக் கிடைக்காத பாதுகாப்பு பீரங்கி வீரருக்குக் கிடைத்தது. மாலுமிக்குக் கிடைத்த கப்பலின் பெயர் பீரங்கி வீரருக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் ஆயுதக் காவலர்கள்

அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டு நடுநிலைமைச் சட்டம் வணிகக் கப்பல்கள் ஆயுதம் தாங்குவதைத் தடுத்தது. 1941 நவம்பரில் அத்தடை நீங்கியது. கடற்படை, ‘ஆர்ம்டு கார்டு’ என்னும் ஆயுதக் காவல் பிரிவைப் பெருக்கியது. இதில் சேவை செய்தோர் ஏறத்தாழ 1,45,000 பேர். அவர்கள் காவல் நின்ற கப்பல்கள் 6,200க்கும் மேல். மாண்டவர்கள் 1,800க்கும் மேல். பிரித்தானிய முறையிலிருந்து வேறுபட்டு, இவர்கள் பெரும்பாலும் இளம் கடற்படை அதிகாரி ஒருவரின் கீழ்த் தனிக் குழுவாக இயங்கினார்கள்.

ஆனால் ஆபத்து வந்தபோது குழுக்களின் எல்லை அழிந்ததை ‘ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ்’ காட்டுகிறது. 1942 செப்டம்பர் 27 அன்று தென் அட்லாண்டிக்கில் இந்த லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல், ஜெர்மானிய வேட்டைக் கப்பலான ‘ஷ்டியர்’, அதன் துணைக் கப்பல் ‘டானன்ஃபெல்ஸ்’ ஆகிய இரண்டையும் சந்தித்தது. கடற்படை அதிகாரி கென்னத் வில்லெட் தொடக்கத்திலேயே காயமுற்றும் பின்தளத்து 4 அங்குலப் பீரங்கியை இயக்கினார். பீரங்கிக் குழு வீழ்ந்த பிறகு, வணிகக் கப்பல் பயிற்சி மாணவர் எட்வின் ஓஹாரா எஞ்சியிருந்த ஐந்து குண்டுகளைத் தனியே சுட்டு மாண்டார். ஹாப்கின்ஸ் மூழ்கியது, ஷ்டியரும் மூழ்கியது. உயிர்காப்புப் படகொன்றில் 31 நாள் மிதந்து பிரேசில் கரை சேர்ந்தவர்கள் 15 பேர்; அவர்களில் வணிக மாலுமிகளும் கடற்படையினரும் இருந்தார்கள்.

வில்லெட்டுக்கு நேவி கிராஸ் விருது. அவர் பெயரில் ஒரு போர்க்கப்பல். ஓஹாராவுக்கும் தலைமை மாலுமி பால் பக்குக்கும் வணிகக் கப்பல் துறையின் விருது. அவர்கள் பெயரில் சரக்குக் கப்பல்கள். ஒரே பீரங்கியை அடுத்தடுத்து இயக்கிய இருவர் மாண்ட பிறகு வேறு வேறு துறைகளின் நாயகர்களானார்கள்.

ஒரு கப்பலின் பெயர்கள் சிதறிய விதம்

‘செராமிக்’ என்ற பெரும் பயணிகள் கப்பல் 1942 நவம்பரில் லிவர்பூலிலிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டது. கப்பலில் மாலுமிகள், படையினர், படைத்துறைச் செவிலியர், குழந்தைகளோடு சென்ற குடும்பத்தார் என 650க்கும் மேற்பட்டோர். அவர்களோடு 14 டெம்ஸ் பீரங்கி வீரர்கள். டிசம்பர் 6ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, அசோர்ஸுக்கு மேற்கே, யு-515 என்ற நீர்மூழ்கியின் டார்பிடோக்கள் கப்பலைத் துளைத்தன. படகுகளில் இறங்கியவர்களை மறுநாள் புயல் விழுங்கியது. கப்பலின் தலைவரைப் பிடிக்கத் திரும்பி வந்த நீர்மூழ்கி, தண்ணீரில் தத்தளித்த தரைப்படை வீரர் ஒருவரை மட்டும் கைதியாக ஏற்றிச் சென்றது. மற்ற எவரும் பிழைக்கவில்லை.

ஒரே இரவில், ஒரே கடலில் முடிந்த இவ்வாழ்வுகளின் பெயர்களை இன்று எங்கே காண்பது? மாலுமிகள் டவர் ஹில்லில். தரைப்படையினர் சரே மாவட்டத்து புரூக்வுட் நினைவிடத்தில். பீரங்கி வீரர்கள் கடற்படை நகரங்களின் தூண்களில். செராமிக்கின் முழு இழப்பையும் ஒருசேரக் கண்முன் நிறுத்தும் அரசுக் கல்வெட்டு எதுவும் இவற்றில் இல்லை.

இந்திய மாலுமிகள் பணியாற்றிய கப்பல்களில் இச்சிதறல் கண்டங்களையே தாண்டியது. 1940 செப்டம்பர் 17 இரவு மூழ்கடிக்கப்பட்ட ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலில் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் மாண்டார்கள். அக்கப்பலின் பணியாளர்களில் பெரும்பாலோர் இந்தியர். எட்டு நாள் கடலில் மிதந்து மீட்கப்பட்ட ஒரு படகில் ஆறு சிறுவர்கள், கப்பல் அதிகாரி ஒருவர், கடற்படைப் பீரங்கி வீரர் ஒருவர், இவர்களோடு பெருந்தொகையான இந்திய மாலுமிகள் இருந்தார்கள். குடிநீரைச் சிறு அளவாகப் பகிர்ந்து குடித்தே அவர்கள் உயிர் தரித்தார்கள். அக்கப்பலோடு மாண்டவர்களின் பெயர்களோ பிரித்தானியருக்கு லண்டனிலும், இந்தியருக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்ட ஏடுகளிலும் என்று பிரிந்தன. சுமார் 6,500 இந்தியக் கடலோடிகளின் பெயர்கள் அவ்வேடுகளில் உள்ளன. அவை கல்லில் பொறித்தவை அல்ல. புரட்டிப் பார்க்க வேண்டிய பக்கங்கள்.

நினைவுச் சின்னங்களின் வளர்ச்சி

முதற்போருக்குப் பின் ராபர்ட் லோரிமர் வடிவமைத்த மூன்று ஒத்த தூண்கள் சாத்தம், போர்ட்ஸ்மத், பிளிமத் நகரங்களில் 1924இல் திறக்கப்பட்டன. இம்மூன்றும் கடற்படைக்கு ஆள் சேர்த்து அனுப்பிய துறைமுகங்கள். ஒருவர் எங்கே மாண்டார் என்பதைக் கொண்டு அல்லாமல், எந்தத் துறைமுகத்தின் ஏட்டில் இருந்தார் என்பதைக் கொண்டே அவர் பெயருக்கு இடம் அமைந்தது. தகடுகளில் ஆண்டு, பிரிவு, பதவி என்ற வரிசையில் பெயர்கள் வருகின்றன. போர்க்கப்பலில் மாண்டவருக்கும் கப்பல் பெயர் அங்கே இல்லைதான். ஆனால் அவருடைய தோழர்களில் பலர் அதே தகட்டில் இருப்பார்கள். வணிகக் கப்பலில் மாண்ட பீரங்கி வீரரைச் சூழ்ந்து நிற்பவர்களோ அவர் அறியாதவர்கள்.

லட்யன்ஸ் வடிவமைத்த டவர் ஹில் நினைவிடம் 1928இல் சுமார் 12,000 பெயர்களோடு திறக்கப்பட்டது. இரண்டாம் போருக்காக எட்வர்ட் மௌஃப் விரிவாக்கிய பகுதியில் ஏறத்தாழ 24,000 பெயர்கள் சேர்ந்தன. 1955 நவம்பரில் எலிசபெத் அரசி அதைத் திறந்து வைத்தார். மூன்று கடற்படைத் தூண்களின் விரிவாக்கமும் மௌஃபின் கைவேலையே. ஒரே கலைஞர் இருபுறமும் பணியாற்றியும், பெயர்களை அடுக்கும் முறை இருவேறாகவே தொடர்ந்தது.

லிவர்பூல் கரையில் 1952இல் திறக்கப்பட்ட கடற்படை நினைவிடம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. கடற்படைக் கப்பல்களில் தனி ஒப்பந்தத்தில் பணியாற்றி மாண்ட சுமார் 1,400 வணிக மாலுமிகளுக்கு அது எழுப்பப்பட்டது. போர்க்கப்பலுக்குப் போன மாலுமிக்குத் தனி இடம் கிடைத்தது. சரக்குக் கப்பலுக்குப் போன பீரங்கி வீரருக்கு அப்படி ஓர் இடம் அமையவில்லை.

நியூயார்க்கின் பேட்டரி பூங்காவிலும் இதே பிரிவு தெரிகிறது. மேற்கு அட்லாண்டிக்கில் காணாமற்போன 4,600 படையினரின் பெயர்கள், பதவியும் மாநிலமும் சேர்த்து, 1963இல் ஜான் கென்னடி திறந்து வைத்த கருங்கற் பலகைகளில் உள்ளன. வணிக மாலுமிகள் அதில் இல்லை. அவர்களுக்குப் போர்வீரர் தகுதியே 1988இல்தான் கிடைத்தது. 1991இல் அதே பூங்காவின் நீர்விளிம்பில் மரிசோல் எஸ்கோபார் வடித்த மாலுமிகள் சிற்பம் எழுந்தது.

மாற்று வழி உண்டு என்பதற்குக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் சான்று. 1967இல் பாயின்ட் பிளெசன்ட் பூங்காவில் நிறுவப்பட்ட சிலுவைத் தூணின் அடியில், கடலில் மாண்ட 3,000க்கும் மேற்பட்ட கனடியர்களின் பெயர்கள் உள்ளன. கடற்படை, தரைப்படை, வணிகக் கப்பல் மூன்றுக்கும் அங்கே ஒரே இடம்.

பெயரைக் கப்பலோடு இணைக்கும் முறை

இன்று ஒரு குடும்பம் தன் முன்னோரைத் தேடினால் தொடங்க வேண்டிய இடம் அவருடைய படை எண். அதன் முன்னெழுத்து சி என்றால் சாத்தம், பி என்றால் போர்ட்ஸ்மத், டி என்றால் பிளிமத்தை அடுத்த டெவன்போர்ட். பதிவில் பிரெசிடென்ட் 3 என்று இருந்தால் அவர் டெம்ஸ் வீரராக இருக்கக்கூடும் என்று ஐயுற இடமுண்டு. அடுத்து, அவர் மாண்ட நாளில் மூழ்கிய வணிகக் கப்பல்களைப் பட்டியலிட வேண்டும். இறுதிச் சான்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், கப்பல் பணி ஒப்பந்தங்களில் கிடைக்கும். நடுநிலைத் துறைமுக அதிகாரிகளுக்காக இட்ட அந்தக் கையெழுத்தே இன்று அவரை அவருடைய தோழர்களோடு சேர்த்து வைக்கும் ஆவணம். சட்டத்துக்காகச் செய்த ஏற்பாடு, நினைவை மீட்பதற்கு உறுதியான சான்றாகியிருக்கிறது.

முடிவுரை

பெயர் மட்டும் நினைவாகிவிடாது. எந்தப் போரில், யாரோடு நின்று வீழ்ந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வதாலேயே நம் நடுகற்கள் பல நூற்றாண்டு கடந்தும் பேசுகின்றன. கடற்படைத் தூண்களில் உள்ள டெம்ஸ் வீரர்களின் பெயர்களுக்கு இந்தச் செய்தி குறைவாக இருக்கிறது.

கல்லை உடைத்து மீண்டும் எழுத வேண்டியதில்லை. கடற்படைப் பதிவு, வணிகக் கப்பல் பதிவு, தரைப்படைப் பதிவு, இந்தியக் கடலோடிகளின் ஏடு ஆகிய நான்கையும் கப்பலின் பெயரையும் மூழ்கிய நாளையும் கொண்டு இணைத்தால், ஒவ்வொரு கப்பலுக்கும் முழுமையான ஒரே பட்டியல் கிடைக்கும். அதில் தலைமை மாலுமிக்கும், கொதிகலன் அறையில் நின்ற இந்தியருக்கும், பின்தளத்தில் காவல் நின்ற பீரங்கி வீரருக்கும் உரிய இடம் இருக்கும். நாடுகள் தனித்தனியே வைத்திருக்கும் இவ்வேடுகளைச் சேர்ப்பது இன்றைய ஆய்வாளர்களின் கடமை. செராமிக்கின் 14 பீரங்கி வீரர்கள் அந்தக் கப்பலைக் காக்கவே அனுப்பப்பட்டார்கள். அந்தக் கப்பலின் பெயரோடு நினைக்கப்படும் உரிமை அவர்களுக்கு உண்டு.